பின்சீட்டுச் சத்தம்

ஒலியுல்லாவின் பழைய ஹெரால்டு காரில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாம் புத்தம் புதிதாகிவிட்டது. முதலில் பாலாடை நிறத்தில் பெயின்ட் அடித்தார். பிறகு பம்பரை மதுரைக்கு அனுப்பி, முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்கு மெருகேற்றி வாங்கினார். அப்புறம் சீட்டுகளுக்கு மாதுளை நிறத்தில் ரெக்சின் தைத்தார். பின்கண்ணாடியில் ‘மாஷா அல்லாஹ்’ ஒட்டினார். கார் ஓடுவதற்கு அடிப்பக்கத்திலும் சில சாமான்கள் வேண்டும் என்கிற விஷயம் கடைசியாகத்தான் அவர் கவனத்துக்கு வந்தது. அதையும் காரே சொல்ல வேண்டியிருந்தது.

‘டொக்’ என்று சொன்னது. பின்சீட்டுக்கு அடியில், ஒவ்வொரு பள்ளத்திலும், யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி. கொடைக்கானல் ரோட்டில் பள்ளத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அதனால் காரும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தது.

ஒலியுல்லாவுக்கு பஜாரில் தைலக்கடை. சுற்றுலா வருகிறவர்களுக்கு யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் விற்பார். சாக்லேட்டில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, தைலத்தில் உண்டு. சளி, தலைவலி, முழங்கால் வலி, எறும்பு, சட்டையில் மைக்கறை, கதவு கிறீச்சிடுவது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். வியாதிதான் மருந்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டும். ஜிப்பா பையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும்.

அவர் கார் வாங்கியதற்குக் காரணம் ஒரு கேள்வி. மகள் ஜஹீராவை மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் தேங்காய் மண்டிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா மைமூன் பீவி வாசலில் நின்ற வேனைப் பார்த்து, “வாடகை வண்டியா சம்பந்தி?” என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த அம்மாள் அடுத்த நிமிடம் அதை மறந்துவிட்டுப் பிரியாணி அண்டாவைப் பார்க்கப் போய்விட்டார். ஒலியுல்லா மறக்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு கான்வென்ட் வாத்தியாரின் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஹெரால்டைக் கோழியோடு சேர்த்து வாங்கினார்.

இப்போது ஜஹீரா பிள்ளை உண்டாகி மாதங்கள் ஏறியிருந்தன. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பெண்ணைப் பெற்ற இருவரும் சேர்ந்து போய்க் கேட்டு அழைத்துவர வேண்டும்; அதுதான் முறை. அதற்கு மேல் மைமூன் பீவியின் வீட்டில் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி மலை ஏறக்கூடாது. அந்தச் சட்டத்தை அவர் கணவராலேயே மாற்ற முடியவில்லை.

அப்போதுதான் கைக்குக் கை செல்போன் வர ஆரம்பித்திருந்தது. ஜஹீரா தினமும் கூப்பிட்டாள். “அம்மா, இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா எனக்கு நம்ம வீட்டுல வந்து படுக்கணும் போல இருக்கும்மா. பயமா இருக்கு,” என்றாள் ஒருநாள். அதைக் கேட்டு அவள் அம்மா ரோஷன் பேகம் சமையலறையில் நின்று அழுதாள். ஒலியுல்லாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்ம சொந்தக் கார்ல, பூ மாதிரி கூட்டிட்டு வந்துருவோம்,” என்றார்.

பூவைக் கொண்டுவருவதற்கு முன் ஒத்திகை பார்ப்பதற்காக மனைவியைப் பின்சீட்டில் ஏற்றிப் பெருமாள்மலை வரை இறங்கினார். ரோஷன் பேகம் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. கார் பேசிக்கொண்டே வந்தது. இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எப்படி இருக்கு?” என்றார் ஒலியுல்லா.

“நல்லா இருக்கு. இதுல ஏத்திக்கிட்டு வந்தா புள்ள பாதி வழியில ஊத்துலயே பொறந்துரும். ஆஸ்பத்திரி செலவு மிச்சம்.”

பெருமாள்மலையில் யோகராஜின் ஒர்க்‌ஷாப் இருந்தது. யோகராஜ் சிறுவயதில் சிலோன் எஸ்டேட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அவருடைய அப்பா அட்டனில் ஒரு தொரைக்குக் கார் ஓட்டினார். அந்த ஒரு காரணத்தால் உலகத்தில் உள்ள எல்லா இங்கிலீஷ் கார்களும் தனக்குப் பங்காளி என்று யோகராஜ் நினைத்திருந்தார். காருக்கு அடியில் அவர் படுத்திருக்கும் நேரத்தைவிட, காருக்குப் பக்கத்தில் நின்று அப்பாவைப் பற்றிப் பேசும் நேரம் அதிகம்.

பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு உள்ளே போனவர் படுத்தபடியே தீர்ப்பு சொன்னார்.

“ஷாக் அப்சார்பர் நல்லாத்தான் கெடக்கு பாய். அதோட ரெண்டு முனையிலயும் ஒரு வளையம் இருக்கும், அதுக்குள்ள ரப்பர் புஷ் இருக்கும். அது செத்துப் போச்சு. இரும்பும் இரும்பும் முட்டிக்குது. எங்கப்பா இருந்தா சத்தத்தைக் கேட்டே சொல்லியிருப்பாரு.”

பழைய புஷ்ஷைக் கழற்றினார். கழற்றினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது மொறுமொறுவென்று உதிர்ந்து அவர் நெஞ்சில் விழுந்தது. ஹெரால்டுக்கு உரிய புஷ் எந்தக் கடையிலும் கிடையாது. மதுரையில் அளவு கொடுத்து வார்த்து வாங்க வேண்டும். வாங்கி வந்தார்கள்.

புது புஷ் வளையத்துக்குள் போக மறுத்தது. புதுசு அல்லவா, முறுக்கு இருக்கத்தானே செய்யும். “சோப்புத் தண்ணி போட்டா வழுக்கிக்கிட்டுப் போயிரும்,” என்று சொல்லிவிட்டு, சோப்பு வாங்க எதிர்த்த டீக்கடைக்குப் போனார் யோகராஜ். டீக்கடையில் சோப்பும் இருந்தது, டீயும் இருந்தது, அப்பாவைப் பற்றிக் கேட்க ஆளும் இருந்தார்கள்.

ஒலியுல்லா தனியாக நின்றார். கையில் புஷ். எதிரில் வளையம். சோப்பு குளிப்பதற்கு உள்ள சாமான் என்று அவருக்குத் தோன்றியது. இது மூட்டு. மூட்டு என்றால் என்ன போட வேண்டும் என்று அவருக்கு ஒரு மெக்கானிக் சொல்ல வேண்டுமா? ஜிப்பா பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். கஞ்சத்தனம் பண்ணவில்லை. பிஸ்மில்லா சொல்லி தாராளமாகவே ஊற்றினார். ரப்பர் சொன்ன பேச்சுக் கேட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்தது, அதற்கு அடுத்தது என்று எல்லாவற்றுக்கும் தைலாபிஷேகம் நடந்தது.

திரும்பி வந்த யோகராஜ் மூக்கை உறிஞ்சினார். “யாருக்கு பாய் சளி?”

“எனக்குத்தான்.”

“புஷ்ஷு?”

“கையால அமுக்கினேன், போயிருச்சு.”

யோகராஜ் அவர் கையை மரியாதையோடு பார்த்தார். போல்ட்டுகளை மாட்டி காரை இறக்கினார். சத்தம் அறவே போய்விட்டது.

ஒலியுல்லா அன்று மாலையே அய்யம்பாளையத்துக்குப் போன் போட்டு, வரும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் புறப்படுகிறோம் என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமை வரை சும்மா இருக்க முடியுமா? பூட்டுக்கடைக்காரரைப் பின்சீட்டில் ஏற்றி ஏரியைச் சுற்றினார். பழக்கடைக்காரரை ஏற்றிச் சுற்றினார். பள்ளிவாசல் இமாமை ஏற்றி, “ஹஜ்ரத், சத்தம் வருதா?” என்று கேட்டுச் சுற்றினார். பஜாரில் அந்தப் பின்சீட்டில் உட்காராத ஆள் யார் என்று பார்த்தால், ஜஹீரா மட்டும்தான் பாக்கி.

வியாழக்கிழமை ஏரிக்கரை வளைவில் சத்தம் திரும்பி வந்தது. இந்தத் தடவை ‘டொக்’ இல்லை. ‘பொதக்’. கூடவே காரின் பின்பக்கம் குடித்தவன் மாதிரி அசைந்தது.

யோகராஜ் கழற்றிப் பார்த்தார். புஷ் ஊறவைத்த பேரீச்சம்பழம் போல உப்பி, பிசுபிசுவென்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். அதற்கப்புறம் வெகுநேரம் ஒலியுல்லாவையே பார்த்தார்.

“பாய், ஒரு சந்தேகம். அன்னிக்குச் சளி ஒங்களுக்கா, புஷ்ஷுக்கா?”

ஒலியுல்லா ஜிப்பா பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“தைலம் ரப்பரைத் தின்னுரும் பாய். ஊரு பூராவும் தைலம் விக்கிறீங்க, பாட்டிலுக்கு ஏன் ரப்பர் மூடி போடலன்னு ஒருநாளாவது யோசிச்சிருக்கீங்களா?”

“எங்கிட்ட வாங்குனவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல,” என்றார் ஒலியுல்லா.

“அவங்க யாரும் ரப்பர் இல்ல பாய்.”

மறுபடியும் மதுரைக்கு அளவு போனது. வெள்ளிக்கிழமைப் பயணம் நின்றது. ஜஹீரா கூப்பிட்டாள்.

“அத்தா, எப்ப வர்றீங்க?”

“புஷ் வரணும்மா.”

“என்னது வரணும்?”

“புஷ்ஷு. ரப்பரு. எல்லாம் ஒனக்காகத்தாம்மா.”

தனக்காக ஒரு ரப்பர் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் எந்த மகளுக்கும் பேச்சு வராதுதான். “சரித்தா,” என்று வைத்துவிட்டாள்.

ரோஷன் பேகம் அன்று இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போடவில்லை, எறிந்தாள். “ஒரு ஜீப்பைப் பேசுங்க. இல்லாட்டி பஸ்ல போவோம். ஊரு ஒலகத்துல பஸ்ல போனவ புள்ள பெக்கலையா? முன்சீட்டுல ஜன்னலோரமா உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துரலாம்.”

“காரை வாசல்ல நிறுத்திட்டு பஸ்லயா? அந்தம்மா வாயில போயி விழவா?”

“அந்தம்மா என்ன கேட்டாங்க? வண்டி வாடகையான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.”

ஒலியுல்லா தொழப் போனார்.

இரண்டாவது புஷ் வந்தது. யோகராஜ் வாசலிலேயே ஒலியுல்லாவை நிறுத்தி, பையைத் தடவிப் பார்த்து, பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார். சோப்புத் தண்ணீர் போட்டார். புஷ் உள்ளே போனது. கார் இன்னும் ஜாக்கியில்தான் நின்றது. பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அட்டனில் தொரையின் கார் பள்ளத்தில் இறங்கியபோது அப்பா அதை எப்படிக் காப்பாற்றினார் என்ற கதையைச் சொல்லிக்கொண்டே, அந்த நிலையிலேயே போல்ட்டுகளை முழு மூச்சாக முறுக்கி முடித்துவிட்டார் யோகராஜ்.

கார் பண்ணைக்காடு வரை வாய் திறக்கவில்லை. திரும்பும்போது மறுபடி ‘டொக்’.

யோகராஜ் அடியில் போய்ப் படுத்தார். புஷ் கிழிந்திருந்தது. தைல வாடை இல்லை. கிழிசலை விரலால் தடவிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: “அடச்சே, வண்டியைக் கீழ எறக்கி, பாரம் உக்காந்த பெறகுல்ல கடைசி முறுக்கு முறுக்கணும். தொங்கையிலேயே முறுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழியத்தான செய்யும்.”

தனக்குத்தானே சொன்னதுதான். ஆனால் ஒலியுல்லா குனிந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒலியுல்லாவுக்குப் பெருநாள். தப்பு தன்னுடையது இல்லை! பூட்டுக்கடையில் சொன்னார். பழக்கடையில் சொன்னார். இமாமைப் பிடித்து நிறுத்தி, பாரம் உட்காருவதற்கு முன் முறுக்கக்கூடாது என்பதைக் கையால் அபிநயித்துக் காட்டினார். டீக்கடைக்காரர் அதை யோகராஜிடமே திருப்பிச் சொல்ல, யோகராஜுக்கு ரோஷம் வந்து, ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு கூக்காலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். ஒலியுல்லா அதற்கும் கவலைப்படவில்லை. வெற்றி பெற்றவருக்கு அவசரம் ஏது?

“இன்னிக்கு என்ன தேதின்னு தெரியுமா?” என்றாள் ரோஷன் பேகம்.

“யார் மேல தப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?”

“யார் மேல தப்புன்னா நான் கேட்டேன்? புள்ளைக்கு ஒம்பதாம் மாசம் பொறக்கப் போகுதுங்க.”

அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும்தான் ஒலியுல்லா காலண்டர் பக்கம் திரும்பினார். மறுநாள் வெள்ளனே கூக்காலுக்குக் கிளம்பினார். அந்தப் பக்கம் பஸ் குறைவு. கேரட் ஏற்றப் போகும் காலி லாரியில் தொற்றிக்கொண்டு போனார். மகளைக் கூட்டிவர பஸ் ஏற மறுத்தவர், மெக்கானிக்கைக் கூட்டிவர லாரி ஏறினார். தங்கச்சி வீட்டு வாசலில் நின்று யோகராஜின் அப்பாவைப் பற்றி அவரே நான்கு நல்ல வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகும் யோகராஜ் உடனே கிளம்பிவிடவில்லை.

“சும்மா பேய்க்கதை பேசாதீங்க பாய். ஒங்க தைலத்தை நான் யார்கிட்டயாவது சொன்னேனா? என் முறுக்கை மட்டும் ஊரு பூராவும் சொல்லிட்டீங்க.”

“தப்புதான் யோகராஜு. எம்புள்ளைக்காக வாப்பா.”

பிள்ளை என்றதும் யோகராஜ் சட்டையை மாட்டிக்கொண்டார். ஆனாலும் மதுரையிலிருந்து மூன்றாவது புஷ் வர வேண்டியிருந்தது. வந்தது. இந்தத் தடவை இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. புஷ் உள்ளே போனது, கார் கீழே இறங்கியது, நான்கு சக்கரமும் தரையில் உட்கார்ந்தது, பிறகு யோகராஜ் முறுக்கினார். ஒழுங்காகச் செய்தால் இவ்வளவு சீக்கிரம் முடிகிற வேலையா என்று இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த நாள் காலை கணவனும் மனைவியும் இறங்கினார்கள். ஊத்து, டம்டம்பாறை, காட்ரோடு என்று ஒவ்வொரு வளைவிலும் ஒலியுல்லா காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டே ஓட்டினார். சத்தமே இல்லை. தண்ணீரில் மிதக்கிற மாதிரி போனது கார். “பாத்தியா?” என்றார். ரோஷன் பேகம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, “வெரசாப் போங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அய்யம்பாளையத்தில் மண்டி ஆட்கள் தேங்காயைப் போட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றார்கள். மைமூன் பீவியே வாசலுக்கு வந்துவிட்டார். பம்பரில் முகம் பார்த்தார். சீட்டைத் தடவினார்.

“சொந்த வண்டியா சம்பந்தி? மாஷா அல்லாஹ், ராசா வீட்டு வண்டி கணக்கா இருக்கே!”

எந்த வார்த்தைக்காக இத்தனையும் நடந்ததோ அந்த வார்த்தை வந்துவிட்டது. ஒலியுல்லாவுக்கு உச்சி குளிர்ந்தது. நெய்ச்சோறு சாப்பிடும்போதும் அந்தக் குளிர்ச்சி இறங்கவில்லை. கை கழுவிவிட்டு, முறைப்படி தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளைக் கேட்டார்.

மைமூன் பீவி உண்மையாகவே வருத்தப்பட்டார். “என்ன சம்பந்தி இப்பக் கேக்குறீங்க? முந்தாநாளே ஒம்பது பொறந்துருச்சே. இனி எப்படி மலை ஏத்துறது? நீங்க வருவீங்க வருவீங்கன்னு புள்ள பெட்டியக் கட்டி வச்சுக்கிட்டு வாசலப் பாத்தது எனக்குத்தான் தெரியும். எம்மகன் கொண்டாந்து விடுறேன்னான். எங்கத்தா சங்கடப்படுவாக, அவுக கார்லதான் வருவேன்னு இவதான் வேணாம்னுட்டா.”

ஒலியுல்லா நிமிர்ந்து பார்த்தார். ஜஹீரா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் வீங்கியிருந்தன. முகம் வெளுத்திருந்தது. கார் சாமானை இத்தனை நாள் உற்றுப் பார்த்த கண்ணுக்கு இது இப்போதுதான் தெரிந்தது.

“சத்தம் இல்லாம வந்துச்சாத்தா?” என்றாள்.

“ஒரு சத்தம் இல்லம்மா.”

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து, கோபமே இல்லாமல், தெரியாததைக் கேட்பது போலக் கேட்டாள்.

“அத்தா, மலைக்கு பஸ் ஓடுதுல்ல?”

“ஓடுதும்மா.”

“தெனமுமா?”

“தெனமும் ஓடுதும்மா,” என்றார் ஒலியுல்லா. ஜஹீரா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ரோஷன் பேகம் எழுந்து வாசலுக்கு வந்தாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே அவளுடைய துணிப்பை இருந்தது. நடக்கப்போவது அவளுக்கு நேற்றே தெரிந்திருந்தது போலும். பையை எடுத்துக்கொண்டு, “கடையப் பாத்துக்கங்க. சோறு பழக்கடைக்காரர் வீட்டுல சொல்லியிருக்கேன்,” என்றாள். மைமூன் பீவி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

ஒலியுல்லா தனியாக மலை ஏறினார். ஊத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, மெட்ராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் காரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். அவரும் சிரித்து வைத்தார். கார் அழகாகத்தான் ஓடியது. ஒரு பள்ளம்கூட உள்ளே தெரியவில்லை. அவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

பெருமாள்மலையில் யோகராஜ் ரோட்டுக்கே வந்து நின்று கையைக் காட்டி மறித்தார். காரை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

“கேட்டீங்களா பாய்? மூச்சு விடுற சத்தங்கூட இல்ல. எங்கப்பா இருக்கணும் இப்ப.” பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தார். “எங்க, அக்காவும் புள்ளையும்?”

ஒலியுல்லா ஸ்டியரிங்கைத் துடைத்தார். “பின்னாடி பஸ்ல வர்றாங்க.”

“பஸ்லயா!” யோகராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார். “இம்புட்டுப் பெரிய காரை வச்சுக்கிட்டு பஸ்லயா? நல்ல ஆளு பாய் நீங்க.”

ஒலியுல்லாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்போது வத்தலகுண்டு பஸ் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆட வளைவேறி வந்து நின்றது. அவர்கள் அதில் இல்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தாலும் காரிலிருந்து இறங்கிப் போய், முன்சீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.